பூட்டு நல்ல பூட்டுதான், சாவி எங்கே?

“நோ சீக்ரெட் கீ.” அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் மென்பொருள் நின்றுவிட்டது. செக்காலை சாலையில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கும் அண்ணன் அந்தத் திரையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நேராகப் பெரியார் சிலைப் பக்கம் இருக்கும் டீக்கடைக்கு வந்துவிட்டார். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. பங்காளிகள் காரைக்குடி, சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பிரிந்து இருக்கிறார்கள். வீட்டின் பராமரிப்புக் கணக்கும் பத்திர நகல்களும் அண்ணன் பொறுப்பில். “ஆதார், பான், பத்திரம் எதையும் இனிமே வெறும் மெயில்ல அனுப்பாதீங்க சார், ஜிபிஜி போட்டுப் பூட்டி அனுப்புங்க” என்று சிங்கப்பூர்ப் பையன் சொல்லியிருக்கிறான். தானும் ஒரு கோப்பைப் பூட்டி அனுப்பிவிட்டான். இங்கே அது திறக்கவில்லை.

“சாஃப்ட்வேரே சரியில்ல தம்பி. எடுத்துட்டு எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்.”

“சாஃப்ட்வேர் சரியாத்தான் இருக்குண்ணே. டீயைச் சொல்லுங்க, பொறுமையா பாப்போம்.”

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை மென்பொருளில் கணக்கு பிசகிப் பூட்டு திறக்காமல் போவது அபூர்வத்திலும் அபூர்வம். வருகிற தகராறில் பெரும்பகுதி சாவித் தகராறு: எந்தச் சாவி, யாருடைய சாவி, எங்கே கிடக்கிறது, தொலைந்தால் என்ன வழி. மென்பொருளைக் கழற்றி மாட்டுவதால் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் விடை கிடைக்காது. சாவிக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டு மென்பொருளைத் தொட்டால் பாதித் தகராறு வராது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே பூட்டு பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அதே மாதிரிப் பூட்டு நூறு செய்து, திறந்த நிலையில் ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார். யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டியில் காகிதத்தை வைத்து அந்தப் பூட்டை அழுத்தி அனுப்பலாம். பூட்டியவராலேயே அதன் பிறகு திறக்க முடியாது. திறக்கும் சாவி ஒன்றே ஒன்று, அது அண்ணன் மடியில். ஊருக்குக் கொடுக்கும் திறந்த பூட்டைத்தான் கணினிக்காரர்கள் பொதுச் சாவி என்கிறார்கள். மடியில் இருப்பது ரகசியச் சாவி. இரண்டும் சேர்ந்தே பிறக்கும் ஜோடி. ஒரு ஜோடியின் பூட்டை இன்னொரு ஜோடியின் சாவி திறக்காது.

இது புரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். 1999-இல் ஆல்மா விட்டன், டக் டைகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 12 பேரை உட்காரவைத்து, பிஜிபி 5.0 என்ற மென்பொருளைக் கொடுத்து, 90 நிமிட நேரமும் கொடுத்து, ஒரு ரகசியச் செய்தியைப் பூட்டிக் கையொப்பமிட்டு அனுப்பச் சொன்னார்கள். எல்லோரும் மின்னஞ்சல் பழகியவர்கள். மூன்றில் ஒரு பங்கினரால்தான் முடிந்தது. மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். ஏழு பேர் முதலில் பெறுபவரின் பூட்டுக்குப் பதிலாகத் தங்கள் பூட்டையே போட்டுப் பூட்டி அனுப்பினார்கள். அதைப் பெற்றவர் திறக்க முயன்றிருந்தால் அவருக்கும் அண்ணனுக்கு வந்த மாதிரி, சாவி இல்லை என்ற பதில்தான் வந்திருக்கும்.

2012 டிசம்பரில், பின்னாளில் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் முகம் காட்டாமல் கிளென் கிரீன்வால்ட் என்ற பத்திரிகையாளரை அணுகி, பிஜிபி நிறுவிக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம் என்றார். எப்படி நிறுவுவது என்று காணொளியே செய்து அனுப்பினார். கிரீன்வால்ட் அந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்னோடன் வேறு வழியில்லாமல், இதையெல்லாம் ஏற்கெனவே பழகியிருந்த லாரா பாய்ட்ரஸ் என்ற ஆவணப்பட இயக்குநரைத் தேடிப் போனார். ஆகவே அண்ணன் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“ஜிபிஜி, பிஜிபின்னு ரெண்டும் சொல்றியே, எது எதுப்பா?”

பிஜிபி மூத்தது. 1991-இல் ஃபில் ஜிம்மர்மன் என்ற அமெரிக்கர் எழுதியது. அது இணையம் வழியாக நாடு தாண்டிப் போனதால், ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அவர்மேல் விசாரணை நடந்து, 1996-இல் வழக்கில்லாமல் கைவிடப்பட்டது. பிறகு அந்தப் பூட்டின் அமைப்பு ஓப்பன்பிஜிபி என்ற பொதுத் தரமாக எழுதி வைக்கப்பட்டது. அந்தத் தரத்தின்படி, யாரும் மூலநிரலைப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற உரிமத்தோடு ஜெர்மனியின் வெர்னர் கோஃக் 1997-இல் வெளியிடத் தொடங்கியதுதான் குனு பிரைவசி கார்ட். சுருக்கமாக ஜிபிஜி. அதன் 1.0 பதிப்பு 1999-இல் வந்தது. விண்டோஸில் அதைச் சுலபமாகப் போட்டுக்கொள்ளத் தந்திருக்கும் மூட்டைக்குப் பெயர் ஜிபிஜி4வின். மூட்டைக்குள் இருக்கும் சாவி மேலாளர் கிளியோபாட்ரா. அண்ணன் போட்டது இதைத்தான்.

நிறுவும்போது முதல் தடங்கல் பதிவிறக்கப் பக்கத்திலேயே வரும். நன்கொடை கேட்டு ஒரு தொகை எழுதியிருக்கும். காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்று பலர் பயந்து, தேடுபொறியில் வேறு தளத்தைப் பிடித்து அங்கிருந்து இறக்குகிறார்கள். அது ஆபத்து. அதே பக்கத்தில் பூஜ்யம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் இலவசமாகவே இறங்கும். நன்கொடை கேட்பதிலும் காரணம் உண்டு. உலகமே நம்பியிருக்கும் இந்த மென்பொருளை ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பராமரித்து, வெர்னர் கோஃக் கையில் காசில்லாமல் நின்றார். 2015 பிப்ரவரியில் ஒரு செய்திக் கட்டுரை அதை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் நன்கொடை குவிந்தது. ஃபேஸ்புக்கும் ஸ்டிரைப்பும் ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். முடிந்தால் அண்ணனும் ஏதாவது போடலாம்.

இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்ப்பது அடுத்த வேலை. விண்டோஸில் அந்தக் கோப்பின்மேல் வலது சொடுக்கிட்டுப் பிராபர்ட்டீஸ் போனால் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே வரும் வெளியீட்டாளர் பெயரும் அதிகாரபூர்வத் தளத்தில் சொல்லியிருக்கும் பெயரும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை. பூட்டே போலியாக இருந்தால் சாவியைப் பற்றிப் பேசி என்ன பயன்? உபுண்டு மாதிரி லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே ஜிபிஜி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ஆண்ட்ராய்டு போனுக்கு ஓப்பன்கீசெயின் என்ற செயலி உண்டு.

நிறுவி முடித்தவர்களுக்கு வரும் தகராறுகளில் மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, கடவுச்சொல் கேட்கும் சின்னப் பெட்டி வராமலே மென்பொருள் உறைந்து நிற்கும். பல நேரம் அந்தப் பெட்டி வேறு ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் மினிமைஸ் செய்து பாருங்கள். அங்கும் இல்லையென்றால் பின்னணியில் ஓடும் ஜிபிஜி ஏஜென்ட் என்ற பகுதி சிக்கிக்கொண்டிருக்கும். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டாலே அது சரியாகிவிடும்.

இரண்டு, கடிகாரம். “சாவி எதிர்காலத்தில் உருவாக்கப்பட்டிருக்கிறது” என்ற பொருளில் ஒரு விசித்திரமான எச்சரிக்கை வரும். கூடவே, கால இயந்திரமா கடிகாரக் கோளாறா என்று கிண்டலாகவும் கேட்கும். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். இந்த ஆண்டு செய்த சாவியை அந்தக் கணினி எப்படி நம்பும்? மலிவான வட்ட பேட்டரி ஒன்றை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

மூன்றாவதுதான் பெரியது. ஒரே கணினியில் இரண்டு சாவிப் பெட்டிகள் இருக்கும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. நிரல் எழுதுபவர்கள் கிட் என்ற கருவியைப் போட்டால் அதனோடு தனியாக ஒரு ஜிபிஜி வந்து உட்கார்ந்துகொள்ளும், தனக்கென்று ஓர் அடைவும் வைத்துக்கொள்ளும். ஒன்றில் செய்த சாவி மற்றொன்றில் தெரியாது. மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதை. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட் தனக்குள்ளேயே ஓப்பன்பிஜிபி வசதியை வைத்துக்கொண்டது. அதன் சாவிப் பெட்டி தனி. கிளியோபாட்ராவில் இருப்பது அதற்குத் தெரியாது, அதில் இருப்பது கிளியோபாட்ராவுக்குத் தெரியாது.

“அண்ணே, நீங்க தண்டர்பேர்ட் வச்சிருக்கீங்களா?”

“ஆமா. அதுலதான் முதல்ல ஏதோ கீ ஜெனரேட்டுன்னு கேட்டுச்சு, ஓகே குடுத்தேன். அதையே பையனுக்கு அனுப்புனேன். அப்புறம் யாரோ கிளியோபாட்ரா போடச் சொன்னாங்க, அதுலயும் ஒண்ணு செஞ்சேன்.”

விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. பையன் பூட்டியது தண்டர்பேர்டில் பிறந்த ஜோடியின் பூட்டை வைத்து. அண்ணன் திறக்கப் பார்த்தது கிளியோபாட்ராவில் பிறந்த வேறொரு ஜோடியின் சாவியால். இரண்டிலும் அவர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அச்சு மாறாமல் ஒன்றே என்பதால் பார்வைக்கு ஒரே சாவி மாதிரி இருந்தது. பரிகாரம் சின்னது. தண்டர்பேர்டில் ஓப்பன்பிஜிபி கீ மேனேஜரைத் திறந்து, ரகசியச் சாவியைக் கோப்பாக பேக்கப் எடுத்து, கிளியோபாட்ராவில் இம்போர்ட் செய்தால் கோப்பு திறந்துவிடும். தண்டர்பேர்டில் பிரைமரி பாஸ்வேர்டு வைக்காவிட்டால், அந்தக் கணினியில் வந்து உட்காருகிற எவரும் பூட்டிய மெயிலைப் படித்துவிடலாம் என்பதையும் கையோடு சொல்லிவைத்தேன்.

திரையில் வரும் மற்ற வாசகங்களையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். “நோ சீக்ரெட் கீ” என்றால், இந்தப் பூட்டுக்கான சாவி இந்தப் பெட்டியில் இல்லை. “நோ பப்ளிக் கீ” என்றால், அனுப்பியவரின் பொதுச் சாவி நம்மிடம் இல்லை, அதனால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. அந்தச் செய்தி கெட்டது என்று பொருளில்லை. “இந்தச் சாவி இன்னாருடையது என்பதற்கு உறுதியில்லை” என்று வந்தால், பூட்டு கிடைத்துவிட்டது, ஆனால் அது அவருடைய பூட்டுத்தான் என்று நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நாம் அனுப்பிய கோப்பை நாமே பின்னால் திறக்க முடியவில்லை என்று சிலர் வருவார்கள். பெறுபவர் பூட்டை மட்டும் போட்டுப் பூட்டினால் அப்படித்தான் ஆகும். நமக்கும் சேர்த்துப் பூட்டும் தேர்வை டிக் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

“உறுதியில்லன்னு சொல்லுதே, அதைத் தட்டிவிட்டுப் போயிரலாமா?”

கூடாது. மோசடிக்கு வழி அங்கேதான் திறந்திருக்கிறது. பொதுச் சாவியில் எவர் பெயரையும் எந்த முகவரியையும் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பொதுச் சாவிகளைப் போட்டு வைக்கும் பழைய சாவி சர்வர்களில் எதையும் யாரும் ஏற்றலாம், ஏற்றியதை அழிக்க முடியாது. 2019 ஜூனில், பெயர் பெற்ற இரண்டு நிரலாளர்களின் சாவிகள்மேல் ஒன்றரை லட்சம் அளவுக்குக் குப்பைக் கையொப்பங்களை யாரோ கொட்டினார்கள். அந்தச் சாவிகளை இறக்கியவர்களின் ஜிபிஜி மூச்சுத் திணறிப்போனது. மின்னஞ்சல் முகவரி உரியவருடையதுதானா என்று சோதித்த பிறகே பெயரோடு வெளியிடும் புதிய சர்வரும் அதே மாதத்தில்தான் வந்தது. முன்பு சாவியின் கடைசி 8 எழுத்தைப் பார்த்தே ஆளை முடிவு செய்யும் பழக்கமும் இருந்தது. அதே 8 எழுத்தில் முடியும் போலிச் சாவிகளை ஆயிரக்கணக்கில் செய்ய முடியும் என்று 2014-இல் செய்தே காட்டிவிட்டார்கள்.

ஆக, முழு ஃபிங்கர்பிரின்ட் பார்க்க வேண்டும். 40 இலக்கம், நான்கு நான்காகப் பத்துத் தொகுதி. எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும்தான் வரும். சிங்கப்பூருக்குப் போன் போட்டுப் பையனின் குரலை அடையாளம் தெரிந்துகொண்டு, அவனைப் படிக்கச் சொல்லி இங்கே திரையில் பார்க்க வேண்டும். போனில் பி, டி, ஈ மூன்றும் ஒரே மாதிரிக் கேட்கும். பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி, ஈ ஃபார் எலிஃபென்ட் என்று வழக்கமான பாணியில் சொல்லிக்கொள்ளலாம். அதே மெயிலில் ஃபிங்கர்பிரின்ட்டையும் அனுப்பச் சொல்லிப் பார்ப்பது வீண். சாவியை மாற்றியவன் அதையும் மாற்றியிருப்பான். ஒத்துப்போனால் கிளியோபாட்ராவில் சர்ட்டிஃபை கொடுங்கள், அதன்பிறகு அந்த எச்சரிக்கை வராது. அண்ணனுடையதை அவனும் இதேபோல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே அண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம். “டிஎஸ்சி டோக்கன் வாங்குறப்ப வீடியோவுல முகம் காட்டி, பான் காட்டி, அவங்கதானே எல்லாம் சரிபாத்துக் குடுக்குறாங்க. இதுல யாரு குடுக்குறது?”

டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையொப்பச் சான்றிலும் உள்ளே ஓடுவது இதே சாவி ஜோடிதான். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தக் கையொப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தது. அரசு உரிமம் பெற்ற நிறுவனம் ஆளைச் சரிபார்த்துச் சான்று தருகிறது. ரகசியச் சாவி யூஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கும், வெளியே நகலெடுக்க முடியாது. பின் எண்ணைத் தப்புத் தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டில் காலாவதியாகும். ஜிபிஜியில் அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. சான்று தருபவரும் நாமே, காவல்காரரும் நாமே.

இன்னொரு வித்தியாசம்தான் முக்கியம். ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் நாம் டிஎஸ்சியைக் கையெழுத்துப் போட மட்டும் பயன்படுத்துகிறோம். டோக்கன் தொலைந்தால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்கலாம். நேற்றுப் போட்ட கையெழுத்து அப்படியே நிற்கும். பூட்டும் சாவி தொலைந்தால் அப்படியில்லை. புதுச் சாவி எத்தனை செய்தாலும், பழைய சாவிக்குப் பூட்டிய கோப்புகள் திறக்கவே திறக்காது. “ஃபர்காட் பாஸ்வேர்டு” பொத்தான் கிடையாது. வெர்னர் கோஃக்கே வந்தாலும் திறக்க முடியாது. அப்படி இருப்பதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

அண்ணன் மேஜை இழுப்பறையில் வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் பெயர் எழுதி ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும். சிலவற்றில் பின் எண்ணும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். ஜிபிஜி சாவியை அந்த வழக்கத்தில் வைக்கக் கூடாது என்றேன். சிரித்தார், மறுக்கவில்லை.

சாவி செய்த அன்றே முடிக்க வேண்டியவை இவை.

முதலில் கடவுச்சொல். ரகசியச் சாவிக் கோப்பு திருடு போனாலும் அது மட்டும்தான் காப்பாற்றும். சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து நீளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். “கொப்புடையம்மன்” என்று அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் எழுத்தான “கொ”வை, கவுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீடாகவும் ஒரு விசைப்பலகை பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் இன்னொன்று பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினி ஒப்பிடுவது குறியீட்டு எண்களை, அவை வேறு வேறு. வீட்டுக் கணினியில் திறந்த சாவி ஆபீஸ் கணினியில் “தவறான கடவுச்சொல்” என்று சொன்னால் காரணம் பிடிபடவே படாது. தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடிக்கலாம், தப்பில்லை. அம்மன் பெயரும் பிள்ளைகள் பெயரும் மட்டும் வேண்டாம், ஊருக்கே தெரிந்தவை அவை.

அடுத்தது ரகசியச் சாவியின் நகல். கிளியோபாட்ராவில் பேக்கப் சீக்ரெட் கீஸ் என்று இருக்கிறது. அதில் எடுத்த கோப்பை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றை வீட்டு இரும்புப் பெட்டியிலும் மற்றொன்றை பேங்க் லாக்கரிலும் வையுங்கள். மெயிலில் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்வது கூடாது. பொதுச் சாவியை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு பேக்கப் எடுத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே பிரைவேட் கீ பிளாக்கா, பப்ளிக் கீ பிளாக்கா என்று எழுதியிருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள். பென் டிரைவும் பத்திருபது ஆண்டு உழைக்கும் பொருளில்லை. பேப்பர்கீ என்று ஒரு சின்னக் கருவி, ரகசியப் பகுதியை மட்டும் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ள உதவும்.

மூன்றாவது, ரத்துச் சான்று. சாவி தொலைந்தாலோ திருடு போனாலோ “இந்தப் பூட்டை இனி யாரும் பயன்படுத்தாதீர்கள்” என்று ஊருக்கு அறிவிக்கும் கோப்பு அது. சாவி செய்யும்போதே ஜிபிஜி அதையும் செய்து ஓர் அடைவில் போட்டு வைக்கிறது. 2014-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து அப்படி. கைதவறி இம்போர்ட் ஆகிவிடக் கூடாது என்று, தொடக்க வரியில் ஐந்து கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளியை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். தேவைப்படும் அன்று அந்தப் புள்ளியை அழித்துச் சேமித்தால்தான் சான்று வேலை செய்யும். இது தெரியாமல், அவசரத்தில் சான்று கெட்டுப்போய்விட்டது என்று தவிப்பார்கள். சாவி நகலோடு இதையும் எடுத்து வையுங்கள். இது யார் கையில் கிடைத்தாலும் உங்கள் சாவியை ரத்து செய்துவிடலாம், ஆகவே இதுவும் பத்திரம்.

நான்காவது, காலாவதித் தேதி. இரண்டு மூன்று ஆண்டு வைப்பது நல்லது. சாவி தொலைந்தாலோ கடவுச்சொல் மறந்துபோனாலோகூட, அந்தத் தேதிக்குப் பிறகு யாரும் அந்தப் பூட்டில் புதிதாகப் பூட்ட மாட்டார்கள். தேதி தாண்டியதும் சிலர் பயந்து புதுச் சாவி செய்து, பழையதை அழித்துவிடுகிறார்கள். அதோடு பழைய கோப்புகளும் போயின. காலாவதியான சாவியும் பழைய கோப்புகளைத் திறக்கும். ரத்து செய்த சாவியும் திறக்கும். தேதியை உரியவரே, தாண்டிய பிறகும்கூட, நீட்டிக்கலாம். நீட்டித்த பொதுச் சாவியை எல்லோருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ரகசியச் சாவியை எந்தக் காரணத்துக்கும் அழிக்காதீர்கள்.

“இதெல்லாம் போட்டு வச்சா போலீசு, இன்கம் டாக்ஸுன்னு ஏதும் பிரச்சினை வருமா?”

பூட்டி அனுப்புவது குற்றமில்லை. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், குறைகளைப் பூட்டித் தெரிவிப்பதற்காகத் தன் பிஜிபி பொதுச் சாவியைத் தானே வெளியிட்டிருக்கிறது. அதே சமயம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, உரிய அதிகாரம் உள்ளவர் முறையான உத்தரவு கொடுத்தால் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. 2015 செப்டம்பரில், பூட்டிய செய்திகளின் திறந்த வடிவத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரைவுக் கொள்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பூட்டால் ஆகாததையும் சொல்ல வேண்டும். மெயிலின் சப்ஜெக்ட் வரியைப் பல மென்பொருள்கள் பூட்டுவதில்லை. “வீட்டுப் பத்திரம், பேங்க் கணக்கு எண்” என்று அங்கே எழுதினால் பாதி ரகசியம் வெளியே. திறந்து படித்த கோப்பு டவுன்லோட்ஸ் அடைவில் பூட்டில்லாமல் கிடக்கும், படித்ததும் அதை நீக்க வேண்டும். கணினியிலேயே வேவு மென்பொருள் நுழைந்திருந்தால் எந்தப் பூட்டும் உதவாது. ஒரே ஒரு தடவை ஒரு கோப்பு அனுப்ப இவ்வளவு பாடும் தேவையில்லை. செவன்-ஜிப்பில் நீளமான கடவுச்சொல் போட்டுப் பூட்டி, கடவுச்சொல்லைப் போனில் சொன்னால் போதும். வருடக்கணக்கில் பலரோடு ஆவணம் பரிமாற வேண்டும், யார் அனுப்பியது என்பதும் உறுதியாக வேண்டும் என்றால் ஜிபிஜி.

கானாடுகாத்தான் வீட்டுக் காகிதங்கள் அந்த ரகம். இன்றைக்கு அனுப்புபவரும் பெறுபவரும் இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் இருப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? குவாட்ரிகா என்ற கனடா நாட்டு கிரிப்டோ நிறுவனத்தின் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். வாடிக்கையாளர் பணத்தின் சாவிகள் அவர் ஒருவரிடமே இருந்ததாக நிறுவனம் கைவிரித்தது. பிறகு நடந்த விசாரணையில், பணத்தின் பெரும்பகுதியை அவரே முன்பே மோசடி செய்திருந்தது தெரியவந்தது. ஆனால் சாவி ஒரே ஆளிடம் இருந்ததால் அத்தனை காலம் யாராலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியவில்லை. பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் ஆவணத்தை ஒருவர் பூட்டில் மட்டும் பூட்டக் கூடாது. ஜிபிஜியில் ஒரே கோப்பை இரண்டு மூன்று பேர் பூட்டுகளுக்கும் சேர்த்துப் பூட்டலாம், அவர்களில் யார் சாவியும் திறக்கும். பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போதும்.

“சரி தம்பி, ஆபீஸ் போயி முதல்ல எதைச் செய்யட்டும்?”

“ஆபீஸ்ல தண்டர்பேர்ட் சாவியைக் கிளியோபாட்ராவுக்குக் கொண்டு வந்துருங்க, பையனோட ஃபைல் திறந்துரும். ரெண்டாவதா செஞ்ச சாவியில யாரும் எதையும் பூட்டலைன்னா, அதை ரத்து பண்ணி ஓரமா வச்சிருங்க, குழப்பம் தீரும். பத்திரத்தை மட்டும் இன்னைக்கே அனுப்பாதீங்க. ஒரு வெத்து ஃபைலைப் பூட்டி அனுப்பி, அவன் திறந்துட்டான்னு சொல்லட்டும். அப்புறம் அந்த பேக்கப்பை வீட்டு லேப்டாப்புல போட்டு, அங்கேயும் திறக்குதான்னு பாருங்க. நகல் எங்க இருக்கு, ரத்துச் சான்று எங்க இருக்குன்னு வீட்டுல அண்ணிக்கும் சொல்லி வச்சிருங்க. இவ்வளவும் முடிஞ்சப்புறம் பத்திரத்தைப் பூட்டலாம்.”